சர்க்கரை நோயாளியின் கண்: தெளிவாகத் தெரியும்போதே செய்ய வேண்டியது

ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில்தான் இருக்கிறார், கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.6 சதவீதம். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். செய்தித்தாள் படிக்கவும் இரவில் வண்டி ஓட்டவும் சிரமம் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டுகிறார். பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டது. தனக்கும் அப்படி ஆகாமல் இருக்க என்ன சாப்பிட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் நெடுங்காலமாக நோயாளிகளைப் பரிசோதித்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, சாப்பாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இந்தப் பதினோரு ஆண்டுகளில் உங்கள் விழித்திரையை ஒருவரும் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. கடையில் பார்த்தது பவர். எழுத்துப் பலகையின் கடைசி வரியை நீங்கள் படித்தால், விழித்திரையின் நடுப்பகுதி இன்றைக்கு வேலை செய்கிறது என்று மட்டும் தெரியும். அதைச் சுற்றியுள்ள பரப்பில் ரத்தக் கசிவு இருந்தாலும், நோய் முற்றிப் புதிய ரத்த நாளங்கள் முளைத்திருந்தாலும், அந்தக் கடைசி வரியை உங்களால் படிக்க முடியும். நான் பரிசோதித்தவர்களில் மிக மோசமான விழித்திரையோடு வந்த பலர், துணைக்கு ஆள் இல்லாமல் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் இந்த அவசரம் என்பது புரியும். கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம்தான் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுவரும் தந்துகிகள் மிக நுண்ணியவை. சர்க்கரை மிகுந்த ரத்தம் ஆண்டுக்கணக்கில் ஓடும்போது, தந்துகியின் சுவரைத் தாங்கி நிற்கும் செல்கள் மடிந்துபோகின்றன. சுவர் வலுவிழந்து அங்கங்கே சிறு குமிழாகப் புடைக்கிறது. குமிழ் கசிகிறது, வெடிக்கிறது. ரத்தத்தில் உள்ள நீரும் கொழுப்பும் விழித்திரைக்குள் இறங்கித் தேங்குகின்றன. வேறு சில தந்துகிகள் அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் பகுதி, புது நாளங்களை வளர்க்கச் சொல்லி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அப்படி வளர்கின்ற நாளங்களுக்கு உறுதியே கிடையாது. விழித்திரையின் மேற்பரப்பைத் தாண்டி, கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கூழ்மத்தை நோக்கிப் படரும். அவற்றில் ஒன்று உடைந்தால் போதும். இரவு நன்றாகத் தூங்கப் போனவர் காலையில் ஒரு கண் இருட்டி எழுந்திருப்பார். அந்த நாளங்களோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுவதும் உண்டு.

இத்தனையும் நடக்கும்போது வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது.

நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வது தனிப் பிரச்சினை. அது நோயின் எந்தக் கட்டத்திலும் வரலாம். படிப்பது, முகம் அறிவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாமே அந்தச் சிறு இடத்தை நம்பித்தான் நடக்கின்றன. அங்கே நீர் கோத்தால் எழுத்து மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். அதுவும் ஒரு கண்ணில் மட்டும் நடந்தால் மற்றொரு கண் ஈடுகட்டிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது.

இது எத்தனை பேருக்கு வருகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடி. சென்னையில் நடந்து 2005இலும் 2009இலும் வெளியான இரு ஆய்வுகளில், சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதத்தை ஒட்டியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. பிறகு பல மாநிலங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் நடந்து, 2022இல் வெளியான பெரிய ஆய்வில் 12.5 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. பார்வையையே பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் 4 சதவீதம். ஆக, எல்லோருக்கும் வந்தே தீரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த நூற்றில் நால்வரில் நாம் இருக்கிறோமா என்பதை, கருவிழியின் நடுவே ஒளி புகும் துவாரமான பாப்பாவை விரித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பதினோரு ஆண்டு சர்க்கரை, 8.6 எச்பிஏ1சி, கூடவே ரத்த அழுத்தம், அண்ணனுக்கும் பாதிப்பு என்று பார்த்தால், உங்களுக்கான வாய்ப்பு சராசரியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தெரியாததால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் பலகையைப் படிக்கச் சொல்வார்கள்; கண் அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு சொட்டு மருந்து. விட்டவுடன் சில நொடி சுரீரென்று எரியும். சிறிது நேர இடைவெளியில் இரண்டு மூன்று முறை விட்டு, கண்ணை மூடி உட்கார வைப்பார்கள். அரை மணி நேரத்தில் பாப்பா அகன்றுவிடும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்று மெதுவாக அகலும், பொறுத்திருங்கள். அதன்பின் மருத்துவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்தபடி, மேலே பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள், கீழே பாருங்கள் என்று எட்டுத் திசையும் பார்க்கச் சொல்வார். வெளிச்சம் கூசும், வலிக்காது. தேவைப்பட்டால் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். படத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பரப்பில் மரக்கிளைபோல நாளங்கள் ஓடும். பாதிப்பு இருந்தால் அதில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகளும், வெண்மஞ்சள் திட்டுகளும் தெரியும். நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க, விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். நலமான கண்ணில் நடுவே ஒரு சிறு பள்ளம் இருக்கும். அந்த இடத்தின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். நீர் கோத்த கண்ணில் பள்ளம் மறைந்து மேடாகியிருக்கும்.

சொட்டு மருந்து போட்டபின் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குப் படிக்கும் எழுத்து மங்கலாகவும் வெயில் கூசலாகவும் இருக்கும். அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். இந்த அசௌகரியத்துக்காகவே 'இன்றைக்கு வேண்டாம், அடுத்த முறை போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லித் திரும்பிப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எத்தனை முறை பார்ப்பது? உங்களைப் போல இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், நோய் கண்டறியப்பட்ட அன்றே முதல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் சர்க்கரை கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது உடம்பில் இருந்திருக்கும். இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் முதல் வகை என்றால் நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், சில சமயம் மாதம் ஒரு முறைகூட. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதும், கருவுற்ற முதல் மூன்று மாதத்துக்குள்ளும் பார்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமாக முற்றலாம். மகப்பேறு மருத்துவமனைக்கு ஒரு தவணை தவறாமல் போகும் குடும்பங்கள்கூட இதை விட்டுவிடுகின்றன.

ஆண்டுதோறும் பார்ப்பதால் உண்மையில் பலன் உண்டா என்று சிலர் கேட்பார்கள். ஐஸ்லாந்து 1980 முதலே நாடு தழுவிய கண் பரிசோதனையைத் தொடங்கி, சர்க்கரையால் வரும் பார்வையிழப்பை வெகுவாகக் குறைத்தது. இங்கிலாந்தில் 2003இல் தேசியத் திட்டமாகவே கொண்டுவந்தார்கள். உழைக்கும் வயதினரிடையே பார்வையிழப்புக்கு ஐம்பது ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்த சர்க்கரை விழித்திரை நோய், அந்த முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே சர்க்கரை நோயாளிகள் குறைந்துவிடவில்லை. நேரத்தோடு கண்டுபிடித்தார்கள். நம் ஊரிலும் வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில், தொலைவில் இருக்கும் மருத்துவரிடம் அங்கிருந்தபடியே ஆலோசனை பெறலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் கண் பரிசோதனைக்கு எங்கே போகலாம் என்று கேட்டு வையுங்கள்.

இனி சர்க்கரைக்கு வருவோம். 1993இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களில், கண் பாதிப்பே இல்லாமல் தொடங்கியவர்களுக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது; ஏற்கெனவே லேசான பாதிப்பு இருந்தவர்களுக்கு அது முற்றுவது 54 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு, எச்பிஏ1சி ஒரு சதவீதம் இறங்கும்போது சிறு நாளப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவதாகக் கண்டது. நீங்கள் 8.6இலிருந்து 7.6க்கு வந்தாலே கண்ணுக்குப் பெரிய ஆதாயம். பெரும்பாலோருக்கு 7ஐ ஒட்டி இருப்பது இலக்கு. உங்களுக்கான எண்ணை உங்கள் மருத்துவர் சொல்வார்.

ஒன்றைக் கவனியுங்கள். பயந்துபோய் ஒரே மாதத்தில் சர்க்கரையைத் தரைமட்டமாக்க முயலாதீர்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை தற்காலிகமாக இன்னும் மோசமாவது உண்டு. இன்சுலின் தொடங்கும்போதும், சர்க்கரைக்கும் எடை குறைப்புக்கும் இப்போது பரவலாகிவரும் செமாக்லூடைட் ஊசி போன்றவற்றைத் தொடங்கும்போதும் இதைப் பார்க்கிறோம். நீண்ட காலத்தில் கட்டுப்பாடு நன்மையே செய்யும். அதனால் மருந்தை மறுக்க வேண்டாம். தொடங்குவதற்கு முன் விழித்திரையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரத்த அழுத்தத்தைச் சர்க்கரைக்கு அடுத்த இடத்தில் வைப்பது நம் வழக்கம். கண்ணைப் பொறுத்தவரை இரண்டும் சமம் என்பேன். அதே பிரிட்டன் ஆய்வில் அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதமும், பார்வை குறைவது 47 சதவீதமும் குறைந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது போதாது. சாப்பிட்டபின் எண் எவ்வளவு என்று பாருங்கள். 130/80க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு. கூடவே சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகமும் விழித்திரையும் பெரும்பாலும் சேர்ந்தே கெடும். ரத்தசோகை இருந்தால் கண் இன்னும் விரைவாகக் கெடும். கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை விழித்திரைப் பாதிப்பு முற்றுவதைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு ஆண்டுகளில் நோய் முற்றியவர்கள் 10.2 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைந்தார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்பது சிறுநீரக நிலையைப் பொறுத்தது, மருத்துவரிடம் கேட்கலாம். புகை பிடித்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட உணவு. பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, காரட் எல்லாம் நல்லவை, தாராளமாகச் சாப்பிடுங்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை உதவும். கசியும் தந்துகியை அடைக்க எந்தக் கீரையாலும் முடியாது. கண்ணுக்கு நல்ல உணவு என்று தனியாக எதுவும் இல்லை. சர்க்கரையை ஏற்றாத உணவே கண்ணுக்கும் உணவு. தட்டில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு ஏறும் வழிகளையும் பாருங்கள், அது அழுத்தத்துக்கு. கண்ணில் தேன் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது இவற்றை அறவே நிறுத்துங்கள். மேலே விடும் எதுவும் பின்சுவரில் உள்ள விழித்திரையைப் போய்ச் சேராது. கருவிழியில் கிருமி தொற்றினால், சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆறுவதும் தாமதமாகும்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வை மங்குவது வேறு கதை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை நீர் உறிஞ்சி உப்புவதால் பவரே மாறிவிடும். அந்த நேரத்தில் கண்ணாடி வாங்கினால், சர்க்கரை அடங்கியதும் அந்தக் கண்ணாடி பொருந்தாது. சில வாரம் சர்க்கரை நிலையாக இருந்தபின் பவர் பாருங்கள். கண்புரையும் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். புரை அறுவைக்கு முன் விழித்திரையைப் பார்த்து, நீர்க்கோப்பு இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அறுவைக்குப்பின் அது கூடிவிடக்கூடும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. காலையில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிக்கும்போது, படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, அடியில் இருக்கும் ராகு காலம், எமகண்டம் பொடி எழுத்தைப் படியுங்கள். பிறகு மற்றக் கண்ணால். அப்படியே ஜன்னல் கம்பியைப் பாருங்கள்; கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிகிறதா? நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த வாரமே போங்கள். இது ஆண்டுப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. திடீரென்று கரும்புள்ளிகள் கொத்தாக மிதப்பது, புகை படர்ந்தது போல ஆவது, மின்னல் வெட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது, இவை தெரிந்தால் அன்றே போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

பாதிப்பு கண்டறியப்பட்டால் என்ன செய்வார்கள்? ஆரம்பக் கட்டம் என்றால் பெரும்பாலும் சர்க்கரை, அழுத்தக் கட்டுப்பாடும் அடிக்கடி பரிசோதனையும் மட்டுமே. புது நாளங்கள் முளைத்திருந்தால் லேசர். விழித்திரையின் ஓரப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒன்றிரண்டு அமர்வுகளிலோ கூடுதலாகவோ வைப்பார்கள். கடுமையான பார்வையிழப்பை லேசர் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை 1976இலேயே அமெரிக்க ஆய்வு நிலைநாட்டிவிட்டது. ஆனால் லேசர் இருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையைக் கொண்டுவராது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் சற்றுக் குறையலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால், 'லேசர் வைத்தும் கண் தெரியவில்லை, காசு போனதுதான் மிச்சம்' என்று கிராமத்தில் ஒருவர் சொல்ல, பத்துப் பேர் வராமல் நின்றுவிடுகிறார்கள். அவர் வந்தபோதே நோய் முற்றியிருந்திருக்கும்.

நடுப்பகுதி நீர்க்கோப்புக்கு இப்போது முதன்மையான சிகிச்சை கண்ணுக்குள் போடும் ஊசி. கண்ணில் ஊசியா என்று யாரும் நடுங்கத்தான் செய்வார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கிருமிநாசினியால் கழுவி, மிக மெல்லிய ஊசியால் வெள்ளை விழியில் போடுவார்கள். சில நொடியில் முடிந்துவிடும். இந்த ஊசி மருந்துகளில் ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் ஆகியவை விலை கூடியவை. புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் மருந்தைக் கண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள். விலை மிகக் குறைவு. ஒரு குப்பியிலிருந்து பலருக்குப் பிரித்தெடுப்பதால் தூய்மையாகச் செய்யும் இடமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் மாதம் ஒன்றாகப் பல ஊசிகள் தேவைப்படும். இரண்டு ஊசியில் பார்வை தெளிந்ததும் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். சில மாதத்தில் நீர் மறுபடி கோத்துக்கொள்கிறது. எத்தனை ஊசி ஆகும், மொத்தம் எவ்வளவு ஆகும், முதலமைச்சரின் காப்பீட்டில் வருமா என்று முதல் நாளே கேட்டுத் திட்டமிடுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி, சிவப்பு, பார்வை மங்கல் வந்தால் உடனே ஓடுங்கள். ரத்தம் கசிந்து தெளியாமல் இருந்தாலோ, விழித்திரை பிய்ந்தாலோ அறுவை சிகிச்சை உண்டு.

உங்கள் அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கண் போனவருக்கு மற்றொரு கண்ணிலும் பாதிப்பு இருக்க வாய்ப்பு மிக அதிகம். போன கண்ணுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டதும், மனம் விட்டுப்போய் மருத்துவமனைப் பக்கமே வராமல் இருப்பார்கள். அவரையும் உங்களோடு அழைத்துப் போங்கள். புது நாளங்கள் இருப்பதாகத் தெரிந்தால், சிகிச்சை முடியும்வரை அரிசி மூட்டை, சிலிண்டர் தூக்குவதும் சிரசாசனம் போலத் தலைகீழாக நிற்பதும் வேண்டாம். நடைப்பயிற்சிக்குத் தடையில்லை.

போகும்போது மாத்திரைச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கை, இப்போது போடும் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு அது நீர்க்கோப்பைக் கூட்டும். சாப்பாட்டையும் மாத்திரையையும் வழக்கம்போல முடித்துவிட்டே போங்கள். காத்திருக்கும் நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது. வெளியே வருவதற்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளுக்குப் பதிலை எழுதி வாங்குங்கள்: இரு கண்ணிலும் பாதிப்பு எந்தக் கட்டம், நடுப்பகுதியில் நீர்க்கோப்பு உண்டா இல்லையா, அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும். அந்தச் சீட்டை உங்கள் சர்க்கரை மருத்துவரிடமும் காட்டுங்கள்.